அப்பாவைக் குளிப்பாட்டிய குரல்

ஜூன் 4

தம்பிக்கு,

நீ கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மனசு இளகிவிடுகிறது. நானும் அந்த ஊரில் ஒருத்திதானே. “அக்கா” என்று நீ இழுக்கும்போதே என் கோபத்தில் பாதி போய்விடும். இந்தக் கோபம் அப்படிப் போகக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன், நீயும் எழுது.

உன் வீட்டில் நடந்ததை அப்பா என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. அவரை அழைத்துக்கொண்டு வரும் வழியில், பஸ் ஓட்டிய காலத்து வேடிக்கை ஒன்றைச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். நீ கீழே கூடத்தில் தியான வகுப்புக்கு வந்த ஒரு கூட்டத்தைக் கண்மூட வைத்து உட்கார்ந்திருந்தாயாம். மாடியில் இவருக்கு அவசரம். ஒரு பக்கம் கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காத மனுஷன், உன்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிப் பற்றிப் படி இறங்கியிருக்கிறார். வாசலுக்கு வந்து நிற்பதற்குள் பேன்ட் நனைந்து தரையிலும் வழிந்துவிட்டது. யாரோ கண்ணைத் திறந்து இவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். நீ, “குழாய் ரிப்பேருக்கு வந்தவர்” என்றாயாம்.

அப்பா உன்னை ஒருமுறை பார்த்தாராம். பிறகு, “சரி பண்ணிட்டேன் சார், இனிமே ஒழுகாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். பெற்ற பிள்ளையை சார் என்று கூப்பிட்டதைச் சொல்லும்போதுகூடச் சிரித்தார். எனக்குத்தான் வண்டியில் தலை நிமிர முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் என்னைக் குளிப்பாட்ட விடமாட்டேன் என்கிறார். முகம், கை, கால் வரைக்கும் சம்மதம். சட்டைப் பித்தானில் கை வைத்தால் உடம்பையே இறுக்கிக்கொள்கிறார். “பெத்த பொண்ணு கையால எப்படிம்மா” என்கிறார். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் வரிசையாக அடுக்கி வைக்கிறவள் நான். எனக்கு எதுவும் அருவருப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அருவருப்பு உனக்கு இல்லை, கூச்சம் எனக்கு இருக்கிறதே என்கிறார். ஆள் வைத்தேன். அந்த ஆளை ஊன்றுகோலால் ஓங்கி விரட்டிவிட்டார். உன் அத்தான் கப்பலிலிருந்து இறங்க வருடக் கடைசி ஆகும். அப்பாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாக ஆரம்பித்திருக்கிறது. சுத்தமாக வைக்காவிட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று டாக்டர் பயமுறுத்துகிறார். 

மகன் வந்தால் குளிப்பார். அதை அவரே சொல்கிறார். பெரிய மனசு பண்ணி வந்து சேர்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாசித்ததும் பதில் எழுத உட்காரவில்லை. மனதில் எழுந்ததை எதிர்க்காமல் கவனித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓரளவு தெளிவாக இருக்கிறது.

அன்று வந்தவர்கள் எல்லாரும் புதியவர்கள். பயத்தை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் அன்றைய வகுப்பு. அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அப்பாவுக்கும் அந்த நிமிடத்தில் அது ஒரு மறைப்பாக இருக்கும் என்று உள்ளுக்குள் தோன்றியிருக்கலாம். இதை நியாயப்படுத்துவதற்காக எழுதவில்லை, நடந்ததை அப்படியே பார்க்க முயல்கிறேன்.

உடனே கிளம்ப முடியாத நிலை. இந்த மாதம் முழுக்க வகுப்புகள் இருக்கின்றன, தொலைவிலிருந்து வருகிறார்கள். தவிரவும், உடம்பு சம்பந்தப்பட்ட காரியங்களில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தாள், நினைவிருக்கிறதா? நல்ல பயிற்சி பெற்ற ஆண் செவிலியர் ஒருவரை விசாரித்துச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசை. உன் கோபத்தைத் தள்ளாதே அக்கா. தள்ளுவதுதான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 19

சாமியாரே,

கோபத்தின் பக்கத்தில் உட்கார எனக்கும் ஆசைதான். நாற்காலி கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் அப்பாவின் துணி காய்கிறது.

உன் செவிலியரை விசாரிக்க வேண்டாம். வேறு ஒரு வழி கிடைத்திருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் உன் குரல் சம்பந்தப்பட்டது என்பதால் உனக்குத் தெரிய வேண்டும்.

எனக்குத் தூக்கம் வராத நாட்களில் உன் ஆடியோ ஒன்றைப் போட்டுக் கேட்பேன். (ஆமாம், கேட்பேன். பெருமைப்படாதே.) போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைக் குளியலறை நாற்காலியில் உட்கார வைத்து, முகம் துடைக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் போன் தானாக அந்த ஆடியோவைப் பாட ஆரம்பித்துவிட்டது. “கண்களை மெல்ல மூடுங்கள். உடம்பை அப்படியே விட்டுவிடுங்கள்” என்கிறாய். அப்பா நிமிர்ந்தார். “வந்துட்டியா?” என்று கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அசையாமல் நின்றேன். நீ பேசிக்கொண்டே போனாய். அப்பாவின் தோள் மெல்ல இறங்கியது. அவரே ஒரு கையால் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். நான் என் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றி ஜன்னலில் வைத்தேன். சத்தம் காட்டாமல் குளிப்பாட்டினேன். இத்தனை நாள் தொட விடாத இடத்தையெல்லாம் விட்டார். கையைத் தூக்கு என்று சொல்லாமலே தூக்கினார். வாயைத் திறந்தால் நான் என்று தெரிந்துவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். துண்டால் போர்த்தி முடித்து, வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன். குளித்தாயிற்றா அப்பா என்று கேட்டேன். அவன் வந்து குளிப்பாட்டிட்டுப் போனான் என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இதே கதைதான். அப்பாவின் மூளையில் சில நேரம் பனிமூட்டம் மாதிரி வரும் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. புண் ஆறி வருகிறது. ஆனால் தம்பி, திருடி மாதிரி இருக்கிறது. பெற்ற அப்பாவின் வெட்கத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறேன். பாவமா புண்ணியமா என்று சொல்லத் தெரிந்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். நீ வந்தால் நான் இந்த வேஷத்தைக் கலைத்துவிடுவேன்.

அக்கா

ஜூன் 26

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன். என் குரலாவது அவருக்குப் பயன்படுகிறதே. இதில் பாவம் எதுவும் இல்லை, கருணைதான் இருக்கிறது. மனதில் சுமக்காதே.

அந்தப் பழைய ஆடியோ தூக்கத்துக்காகச் செய்தது. குளியலுக்கு அது பொருந்தாது. அதனால் அப்பாவுக்காகவே புதிதாக ஒன்று பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். முதலில் தலை, பிறகு வலது கை, இடது கை, மார்பு, முதுகு, கால்கள் என்ற வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் போதுமான இடைவெளி விட்டிருக்கிறேன். நடுநடுவே “நல்லதுப்பா” என்று சொல்லியிருக்கிறேன், அவருக்கு நம்பிக்கையாக இருக்கும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டதால் முழுவதையும் மறுபடி பேச வேண்டியிருந்தது. வரிசை உனக்கு வசதியாக இல்லையென்றால் சொல், மாற்றித் தருகிறேன்.

வகுப்புகள் முடிந்ததும் நிச்சயம் வருகிறேன்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

நீ வருவாய் என்று பார்த்தால் உன் தொண்டையை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டாய். ஆடியோவைக் கேட்டதும் போனைத் தூக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. மறுநாள் காலை அதையே போட்டேன். உன்னைத் திட்டும் தகுதி எனக்கும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ விட்ட இடைவெளிகளில் அப்பா பேச ஆரம்பித்தார். நீ “வலது கை” என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், கையை நீட்டிக்கொண்டே ஏதாவது சொல்வார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்வார். “உங்க அக்கா ரொம்ப இளைச்சுட்டாடா, வேலைக்கும் போயிட்டு என்னையும் பாத்துக்கிட்டு” என்பார். நான் அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பற்றி உன்னிடம் சொல்வதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கப் பிடித்திருந்தது. நேரில் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை முதுகு முறை வந்தது. அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். “என்னால உனக்கு எவ்வளவு அசிங்கம். மன்னிச்சுடு” என்றார். அன்று உன் கூடத்து வாசலில் நின்றதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொன்னவன் நீ, மன்னிப்புக் கேட்கிறவர் அவர். அந்த நேரம் பார்த்து உன் குரல், “ரொம்ப நல்லதுப்பா. இப்போ காலைக் கொஞ்சம் நீட்டுங்க” என்றது.

என்னால் தாங்க முடியவில்லை. சோப்புக் கையோடு போய் அதை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அப்பா கண்ணைத் திறந்து திரும்பினார். ஈரத் துணியும் கையுமாக நான் நின்றேன். மடியில் கிடந்த துண்டை எடுத்தார். உடம்பை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு குளியல் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கட்டிலருகே வைத்துவிட்டு நான் வெளியே போனால்தான் சாப்பிடுகிறார். என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசுகிறது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. 

நீ வா. நீ வருகிற அன்று நான் கிளம்பி உன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். நான் இந்த வீட்டில் இருக்கும்வரை அவர் திரும்பமாட்டார். இந்த முறை குரல், செவிலியர் எதுவும் வேண்டாம். கையும் காலுமாக வா.

அக்கா

ஜூலை 14

அக்கா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் வகுப்பில் பேசுவது மாதிரியே வருகிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு காரியம் செய்தேன். கூடத்தில் எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது, அன்று நடந்ததைச் சொன்னேன். வந்தவர் குழாய்க்காரர் இல்லை, என் அப்பா என்றேன். தரையில் இருந்தது தண்ணீர் இல்லை என்றேன். முகத்தில் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் அழுதார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தைரியம் உங்களுக்கு என்றார். இதையே வைத்து ‘வெட்கத்தை எதிர்கொள்வது’ என்று தனியாக ஒரு வகுப்பு நடத்தலாமே என்று இன்னொருவர் சொன்னார்.

அதை நான் யோசித்தேன் அக்கா. கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பா அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, நான் இங்கே அவரை மறுத்த கதையை வைத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பு, அருவருப்பு என்று முன்பு எழுதியது பாதி உண்மை. மீதி இதுதான். அப்பா அன்று என்னை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தால், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால், அன்று மாலையே காலில் விழுந்திருப்பேன். அவர் எனக்காக நடித்தார். ஒரு நொடிகூடத் தயங்காமல் என் பொய்யைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த மனுஷனைக் குளிப்பாட்டப் போனால் துணியில்லாமல் நிற்கப்போவது அவர் இல்லை, நான் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் வகுப்பு, இடைவெளி, வரிசை என்று ஓடிக்கொண்டிருந்தேன். எதைத் தள்ளுகிறோமோ அதுதான் பிடித்துக்கொள்ளும் என்று உனக்கே எழுதினேனே, எந்த வாயால் எழுதினேன் என்று தெரியவில்லை.

வகுப்புகளை நிறுத்திவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை வருகிறேன். சாவியைப் பக்கத்துத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வருவேன், வாங்கிக்கொள்.

தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

அன்று வாசலில் உன்னைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் வீடு பளிச்சென்று இருக்கிறது. கூடத்தில் மெத்தைகள் வரிசையாகக் கிடக்கின்றன. நேற்று இரண்டு பேர் வந்து ஆசிரியர் இல்லையா என்று கேட்டார்கள். ஆசிரியர் படிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். குழம்பிப் போனார்கள். 

உனக்குச் சொல்ல வேண்டியவை: களிம்பு குளியலறை அலமாரியில் மேல்தட்டில். நாற்காலியின் ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டிப் போடு. இடது கையை இழுக்காதே, தோளோடு சேர்த்துத் தூக்கு. காலையில் மாத்திரைக்குப் பிறகு சற்று நேரம் விட்டுத்தான் குளியல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எல்லார் முன்னாலும் சொன்னாய், நான் உனக்கு மட்டும் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனுஷனை விட்டுவிட்டு வந்தவளுக்கு, ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷம். உன்னைத் திட்டித் திட்டியே நான் நல்லவளாகிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் மெத்தை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் துண்டால் மூடிய முகம்தான் வருகிறது. எழுந்து வந்து உன் பாத்திரங்களைத் தேய்த்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

என்ன நடக்கிறது என்று எழுது. மறைக்காமல் எழுது.

அக்கா

ஜூலை 25

அக்கா,

மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் அவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் நாற்றம் அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். குளியலறைக்கு அழைத்துப் போனேன். நாற்காலியைச் சுவரோடு போட்டேன். என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், “கண்ணை மெல்ல மூடிக்குங்கப்பா” என்று ஆரம்பித்தேன். 

அவர் என்னைப் பார்த்து, “வாயை மூடிக்கிட்டுத் தேய்” என்றார்.

தேய்த்தேன். தலையில் ஊற்றிய தண்ணீர் அதிகச் சூடு, கத்தினார். சோப்பு கண்ணில் போயிற்று. பேன்ட்டை இறக்கினேன். அக்கா, அன்று காலையில் வயிறு சரியில்லாமல் போயிருந்திருக்கிறது, அவர் யாரிடமும் சொல்லவில்லை. துடைக்க ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூச்சைக் கவனித்தேன், அதனால்தான் இன்னும் அதிகமாக வந்தது. அவர் காலடியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். சாப்பிட்டது எல்லாம் போய், வெறும் பித்தமாக வரும்வரை எடுத்தேன். அவர் முன்னால் இதுவும் நடந்துவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

முதுகில் ஒரு கை தட்டியது. அவருடைய நல்ல கை. துணியில்லாமல், பாதித் துடைத்த நிலையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு குவளையைத் தண்ணீரில் முக்கி நீட்டி, கொப்பளி என்றார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஒளி எதுவும் தெரியவில்லை. பத்து வருடமாக எதைக் கண்டு ஓடினேனோ அது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அதற்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான். எழுந்து தரையைக் கழுவினேன், அவரைக் கழுவினேன். எது அவருடையது எது என்னுடையது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது பக்கத்திலேயே நின்றது, நான் அதை விரட்டவில்லை, கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு அப்படி லேசாக இருந்தது எனக்கு இதற்கு முன் நடந்ததில்லை. நடந்ததாக மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

முதுகு தேய்க்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புப்பா என்றேன். பரவாயில்லை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். “வலிச்சுதுடா” என்றார். “படி ஏறும்போது வலிச்சுது. இப்பவும் நெனச்சா வலிக்குது.” பிறகு, இன்னும் கொஞ்சம் கீழே தேய் என்றார்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். உட்கார்ந்து வாசி.

நான், “நீங்க வேற என்கிட்ட எதுக்குப்பா மன்னிப்புக் கேட்டீங்க, அக்கா எழுதியிருந்தா” என்றேன். 

“உன்கிட்ட நான் எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்?” என்றார். “அவகிட்ட கேட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பிரிட் வாசனை அடிக்கிற கை வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். ஊசி போடுவதற்கு முன்னால் தேய்க்கிற மாதிரி, ஒரே இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறவள் வேறு யார் என்று கேட்டார். முதல் நாளே தெரியுமாம். நீ வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாராம். தனக்குத் தெரியாது என்று நினைத்து நீ செய்கிறாய், தானும் தெரியாத மாதிரியே இருந்துவிடலாம் என்று விட்டிருக்கிறார். உன்னைப் பற்றி என்னிடம் சொன்னதாக நீ ஒட்டுக் கேட்டதெல்லாம் உனக்கே சொன்னவைதானாம். நேரில் சொல்ல வாய் வராது என்றார். பெற்ற பெண்ணை இந்த வேலை செய்ய வைத்துவிட்டேனே என்பதற்குத்தான் அந்த மன்னிப்பு. அதற்கு யாரோ “ரொம்ப நல்லதுப்பா” என்றானே, அவனை உதைக்க வேண்டும் என்றார்.

“அவ பாட்டை நிறுத்தாம இருந்திருந்தா நானும் கண்ணைத் திறந்திருக்க மாட்டேன்” என்றார். ஆடியோவைப் பாட்டு என்றுதான் சொல்கிறார். அப்புறம் ஒன்று சொன்னார். நீ ஊற்றுகிற தண்ணீர் எப்போதும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்குமாம். சொன்னால் நீ பதில் சொல்ல வேண்டிவரும், வேஷம் கலைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தாராம்.

இனிமேல் யார் குளிப்பாட்டினால் சரி என்று கேட்டேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவ வந்தா வரட்டும். பாட்டு வேணாம்” என்றார்.

தம்பி

ஜூலை 29

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கூடத்து நடுவில் நின்று வாசித்தேன். உட்காரச் சொன்னாய், மறந்துவிட்டேன். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். இந்தச் சுவர்களுக்கு அவ்வளவு சத்தம் பழக்கமில்லை.

அவர் சிரிப்பை அடக்கினார் என்றதும் முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்திருக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் மட்டுமா ஒளிந்துகொண்டார்? நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் துண்டை எடுத்தாரே, அப்போது நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நான் திறந்து பார்த்தபோது துண்டு அவர் முகத்துக்குப் போயிருந்தது. என் மூடிய கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகத்தை மூடினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அருவருப்பு இல்லை, கூச்சம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். உன் குரல் இல்லாமல் அவரைத் தொடும் தைரியம் எனக்கும் இருக்கவில்லை. உன்னைக் கையும் காலுமாக வரச் சொன்னேன், நானும் அவரிடம் என் கையை மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். நான் வந்ததும் நீ ஓடிவிடாதே. இந்த ஆண்டு முடிகிற வரைக்கும் நாம் இருவரும் முறை வைத்துச் செய்யலாம். நான் வரப்போகிறேன் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, திடீரென்று போய் நிற்க வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம், அதையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது தம்பி. கண்ணைத் திறந்தபடி அவர் உட்கார்ந்திருப்பார், கண்ணைத் திறந்தபடி நான் நிற்பேன். இருவருக்கும் நடுவில் பேச யாரும் இருக்கமாட்டார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், நல்ல வார்த்தையாக எதுவும் கிடைக்கவில்லை. முதல் குவளையை ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீர் சூடு போதுமா என்று கேட்கப்போகிறேன்.

அக்கா